மூன்றாம் தண்ணீர்

பங்குனி பிறந்த அன்று ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டினேன். மேலே 'வசந்தம்' என்று சிவப்பு மையில் தலைப்பு, கீழே நான்கு வரிகள். தினம் ஒரு மரத்தைப் பார்ப்பது. வாரம் ஒரு பாட்டு எழுதுவது. பார்த்ததை வரைவது. கும்மி.

எங்கோ குளிர் நாட்டில் இருக்கும் ஒரு தாய், பனி உருகியதும் பிள்ளைகளைக் காட்டுக்குள் கூட்டிப்போய்ப் பூக்களைக் காட்டுவதாக எழுதியிருந்ததைக் கைப்பேசியில் படித்தேன். படித்ததிலிருந்து மனம் நிலைகொள்ளவில்லை. மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு மூன்று. இவர்களுக்கு ஒரு மரத்தின் பெயராவது தெரியுமா? நான் தமிழில் முதுகலை படித்தவள். பி.எட். முடித்து இரண்டு வருடம் பள்ளியில் பாடம் நடத்தியிருக்கிறேன். இளவேனில், முதுவேனில் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டுப் பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறேன். ஜன்னலுக்கு வெளியே தளிர்விட்டு நின்ற புங்கமரத்தைக் காட்டி, இதுதான் அது என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

நாமகிரிப்பேட்டை போகும் சாலையில் இருக்கிறது எங்கள் ஊர். இங்கே வசந்தம் காலை ஒன்பது மணிக்கே முடிந்துவிடும். அதற்குள் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட வேண்டும். வேம்பின் செந்தளிர், புங்கம்பூ விழுந்து வெளுத்துக் கிடக்கும் பாதை, வேகவைத்த மஞ்சளைக் களத்தில் காயப்போட்டிருக்கும் வாசனை. பிறகு வெயில்.

தாளை வீடியோ அழைப்பில் கணவரிடம் காட்டினேன். அவர் போர்வெல் ரிக் வண்டியோடு வெளி மாநிலத்தில் இருந்தார். மழைக்காலத்தில் வண்டி நின்றால்தான் வீட்டுக்கு வருவார்.

"வசந்தமா? இங்க கல்லே பழுத்துக் கெடக்குது புள்ள. அதை ஃபிரிட்ஜ் கதவுல எதுக்கு ஒட்டுன, உள்ளாற வெச்சிரு. கெடாம இருக்கும்."

சிரித்தேன். ஆனால் நான்காவது வரியை அவர் கிண்டல் செய்திருந்தால் சிரித்திருக்க மாட்டேன். இரண்டு மாதமாக நானும் மகளும் கோயில் மைதானத்தில் கும்மி பழகிக்கொண்டிருந்தோம். எங்கள் ஊர்த் திருவிழாவான மாரியம்மன் நோம்பியில் அரங்கேற்றம். எண்பது பெண்கள், ஒரே நிறச் சேலை. சிறுமிகளுக்குப் பச்சைப் பாவாடை, அரக்குச் சட்டை. மகன் பிறந்ததும் வேலையை விட்ட பிறகு நான் போய்வரும் இடங்கள் பள்ளி வாசலும் மளிகைக் கடையும்தான். மாலையில் அந்த இரண்டு மணி நேரம் மட்டும் என்னை யாரும் எதற்கும் கூப்பிடுவதில்லை. வட்டத்தில் எனக்கு முன்னால் ஒரு முதுகு, பின்னால் ஒரு வளையல் சத்தம். கை தட்ட வேண்டும், குனிய வேண்டும், திரும்ப வேண்டும். வேறு யோசனைக்கு இடமே இல்லை.

நான் நன்றாக ஆடுபவளில்லை. மூன்றாவது தட்டில் திரும்பும்போது எப்போதும் வலது காலை வைத்துவிடுவேன். உள்வட்டத்தில் இருக்கும் மகள் என்னைக் கடக்கும்போது வாயை அசைக்காமல் சொல்வாள்: "அம்மா, இடது கால்."

நாங்கள் ஆடும் நேரத்தில் மகனைப் பார்த்துக்கொண்டவள், அடுத்த வீதிக்குப் புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண். அவளும் கும்மி பழகியவள்தான். ஐந்தாம் மாதம் என்று தெரிந்ததும் கும்மி வாத்தியார், "நீ குனிஞ்சது போதும் கண்ணு, உக்காந்து பாடு" என்று மேடை ஓரத்தில் உட்கார வைத்துவிட்டார். மகன் அவள் மடியில் ஏறி உட்கார்ந்து பொரிகடலை தின்பான்.

நோம்பிக்குப் பூச்சாட்டிய செவ்வாய்க்கிழமை அது. பூச்சாட்டிவிட்டால் பதினைந்து நாள், நோம்பி முடியும்வரை, ஊர்க்காரர்கள் வெளியூரில் இராத் தங்கக் கூடாது. அன்று காலை மகனைக் குளிப்பாட்டும்போது தொப்புளுக்குக் கீழே இரண்டு சிவப்புப் புள்ளிகளைப் பார்த்தேன். வேர்க்குரு என்று நினைத்தேன். அப்படி நினைத்தேன் என்பதும் சரியில்லை. வேர்க்குருவாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன். பவுடர் போட்டேன். தொட்டுப் பார்த்தேன், உடம்பு லேசாகச் சுட்டது. வெயிலுக்கு எல்லோர் உடம்பும்தான் சுடுகிறது. அன்று மாலை வாத்தியார் வரிசை பிரிப்பதாகச் சொல்லியிருந்தார். வராதவர்களுக்குக் கடைசி வரிசை.

போனேன். மகன் இரண்டு மணி நேரமும் அந்தப் பெண்ணின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை பத்துப் பன்னிரண்டு இருந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சொட்டுத் தண்ணீர். என் மாமியார் அவன் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். பார்த்ததும் பேரன் முன்னால் இரண்டு கைகளையும் கூப்பினார்.

"வந்துட்டியா தாயி" என்று அவனிடம் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏனம்மிணி, நேத்தே ஒண்ணு ரெண்டு இருந்திருக்குமே. தண்ணி ஊத்தறப்பப் பாக்கலயா?"

"இல்லீங்க அத்தை. இன்னைக்குக் காலையிலதான் பாத்தேன்."

அவ்வளவுதான். சின்னப் பொய். சொன்ன பிறகு திரும்ப எடுத்துக்கொள்ள முடியாததாகிவிட்டது.

கேட்டில் வேப்பந்தழை கட்டினோம். அந்தத் தழையைப் பார்த்தால் பால்காரர் பாக்கெட்டை வெளியிலேயே தொங்கவிட்டுப் போவார். டவுனில் இருக்கும் குழந்தை டாக்டரிடம் காட்டி, ரோஸ் நிறத்தில் ஒரு பூச்சு மருந்து வாங்கி வந்தேன். பெரியவளுக்கும் இரண்டு மூன்று வாரத்துக்குள் வரலாம், கர்ப்பிணிகள் பக்கம் மட்டும் விடாதீர்கள் என்றார் டாக்டர். வெளியே வந்து அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன்.

"எனக்குச் சின்னதுல வந்துச்சான்னு தெரியலீங்க்கா. எங்கம்மாவுக்கும் ஞாபகமில்லைங்கறாங்க" என்றாள். "நேத்து சாயங்காலம் இருந்துச்சுங்களாக்கா?"

"இல்ல கண்ணு. இன்னைக்குக் காலையிலதான் பாத்தோம்."

இரண்டாவது முறை சொல்வது முதல் முறையைவிடச் சுலபமாக இருந்தது. அவள் தன் டாக்டரிடம் போய்விட்டு வருவதாகச் சொன்னாள். அன்றிலிருந்து தினமும் காலையில் அவளுடைய வாட்ஸப் படத்தைத் திறந்து பார்ப்பேன், படம் பார்த்து என்ன தெரிந்துவிடப் போகிறது என்று தெரிந்தும்.

மேச்சேரியிலிருந்து என் அம்மா, "நான் வாரேன் சாமி, உனக்கு ஒத்தாசைக்கு" என்றார். மாமியார் ஒத்துக்கொள்ளவில்லை. அம்மை பார்த்த வீட்டுக்கு ஒறம்பரை, சொந்தக்காரர் யாரும் வரக் கூடாது. பள்ளியில் மகளையும் அனுப்ப வேண்டாம் என்றுவிட்டார்கள். ஆக நாங்கள் நான்கு பேர். கூடம், இரண்டு அறைகள், தாளிப்புச் சத்தம் இல்லாத சமையலறை, கம்பி போட்ட ஜன்னல். வெளியே வருடத்தில் பதினைந்து நாள் மட்டுமே இருக்கும் அந்தப் பச்சை. ஜன்னலில் முகத்தை வைத்தால் வேப்பமரத்தில் பாதி தெரியும். மீதிப் பாதியை அடுத்த வீட்டுச் சுவர் மறைக்கும்.

ஃபிரிட்ஜ் கதவில் தாள் அப்படியே இருந்தது. தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் கண்ணில் படும். கிழித்துவிடலாம் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் மகள் அதன் முன்னால் நின்று கேட்டாள். "அம்மா, இன்னைக்கு என்ன மரம்?"

"வேம்பு."

"நேத்தும் வேம்பு."

"நாளைக்கும் வேம்புதான். அதுதான் உள்ள இருக்குது."

உண்மையிலேயே வீடு முழுக்க வேம்புதான். மகனின் படுக்கையில் தழை, அவன் சொறியாமல் இருக்கக் கையில் ஒரு கொத்து, வாசலில், தண்ணீர்க் குடத்தில். மகள் ஓர் ஈர்க்கை எடுத்து இலைகளை எண்ணினாள். இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கை வரவில்லை. இன்னொன்றை எடுத்தாள். ஒவ்வொரு இலையும் ஒரு பக்கம் அதிகமாக வளைந்திருப்பதை எனக்குக் காட்டினாள். முப்பது வருடம் வேப்பமரத்தடியில் நடந்த எனக்கு அது தெரியாது. அந்த ஒரு நிமிடம் மகிழ்ச்சியாக இருந்தேன். உடனே, இவள் எத்தனை நேரமாகத் தம்பியின் படுக்கையில் உட்கார்ந்திருக்கிறாள் என்று பயம் வந்தது. "எந்திரி, தள்ளி உக்காரு" என்று அதட்டினேன். அவள் ஈர்க்கைக் கீழே வைத்துவிட்டுப் போனாள்.

மகன் வரைந்தான். பூச்சு மருந்தை நான் அவன் உடம்பில் ஒவ்வொன்றாக ஒற்றி எடுப்பதைப் பார்த்தவன், ரோஸ் கிரேயானை எடுத்துத் தாள் நிறையப் புள்ளி குத்தினான். பிறகு அதற்கு ஒரு அடிமரம் போட்டான்.

"என்ன மரம் சாமி இது?"

"நானு" என்றான்.

குயில் காலையில் ஐந்து மணிக்கே தொடங்கிவிடும். பிள்ளைகள் இருவரும் ஜன்னலில் நின்று திருப்பிக் கூவுவார்கள். குயில் கோபம் ஏறி ஏறிக் கத்தும். மாமியார் உள்ளிருந்து, "அதும் பாட்டுக்கு அது கூவிட்டுப் போவுது, அதுக்கு எதுக்குடா எதிர்ப்பாட்டு?" என்பார். ஆனால் ஒருநாள் பிள்ளைகள் எழுவதற்கு முன்னால் அவரே ஜன்னலில் நின்று மெதுவாக ஒரு முறை கூவியதைக் கேட்டேன். நான் கேட்டது அவருக்குத் தெரியாது.

பாட்டு எழுதும் வரியை மகள் தானே முடித்தாள். நோட்டில் இருந்ததை அப்படியே தருகிறேன்:

வெளியே வேப்பம்பூ
உள்ளே தம்பிப்பூ
ரெண்டையும் தொடாதே
தானா உதிரும்.

நல்லா இருக்கு என்றேன். 'ரெண்டு' என்பதை 'இரண்டு' என்று எழுதலாமே என்றும் சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை யோசிக்கிறேன். அவள் திருத்தவில்லை. நல்லவேளை.

நான்காவது வரிதான் மிச்சம். மாலை ஆறு மணிக்கு மைதானத்தில் ரேடியோ செட் பாடத் தொடங்கும். வாத்தியாரின் குரல், அதற்குப் பின்னால் எண்பது பேர் கைதட்டும் சத்தம், இப்போது எழுபத்தெட்டு. வீட்டுக்கு அம்மன் வந்திருக்கும்போது ஆட்டமும் சத்தமும் ஆகாது என்று மாமியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மகள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். கூடத்தின் நடுவில் நின்று எல்லா அடியும் போட்டாள். இரண்டு உள்ளங்கைகளையும் விரலளவு இடைவெளியில் நிறுத்திவிடுவாள். சத்தமே வராது. நானும் சமையலறையில் நின்று, கையில் கரண்டியோடு, கால்களை மட்டும் அசைத்துப் பார்த்தேன். ஒரு வாரம் நாங்கள் இருவரும் இப்படிச் சத்தமில்லாமல் கும்மி அடித்தோம்.

"நாம போவமா அம்மா?" என்று தினமும் கேட்டாள்.

அதற்கான பதில் தண்ணீரில் இருந்தது. புண் காய்ந்ததும் வேப்பந்தழையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவது எங்கள் வழக்கம். ஒரு நாள் விட்டு ஒரு நாள், மூன்று தண்ணீர். மூன்றாம் தண்ணீர் ஊற்றிவிட்டால் தழையை அவிழ்த்துவிடலாம். வீட்டில் உள்ளவர்கள் வெளியே போகலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். மாமியார் வியாழக்கிழமை முதல் தண்ணீர் என்று கணக்கு வைத்திருந்தார். அப்படியானால் மூன்றாவது திங்கட்கிழமை வரும். அரங்கேற்றம் ஞாயிறு மாலை.

புதன்கிழமை காலை மகனின் முதுகைப் பார்த்தேன். எல்லாம் கருத்துக் காய்ந்திருந்தன. தோள்பட்டைக்குக் கீழே இரண்டு மட்டும் இன்னும் ஈரம்.

"அத்தை, காஞ்சிருச்சுங்க. இன்னைக்கே ஊத்திரலாங்களா?"

"முதுவுப்பக்கம் பாத்தியா?"

"பாத்துட்டனுங்க."

அவருக்குக் கண் சரியாகத் தெரியாது. என் சொல்லை நம்பினார். புதன் ஒன்று, வெள்ளி இரண்டு, ஞாயிறு காலை மூன்று. மூன்றாவது சொம்பு ஊற்றும்போது மகன் சிரித்தான். மகள் தன் பாவாடையை எடுத்துக் கட்டிலில் விரித்து வைத்தாள். நான் கேட்டில் இருந்த காய்ந்த தழையை அவிழ்த்துக் குப்பையில் போட்டேன். அவிழ்க்கும்போது என் கை அவசரப்பட்டதை நானே பார்த்தேன்.

டாக்டர் சொன்னது ஞாபகம் இருந்ததா என்றால், இருந்தது. பெரியவளுக்கும் வரலாம் என்றார், வரும் என்று சொல்லவில்லை. பன்னிரண்டு நாள் ஆகியும் ஒன்றும் வரவில்லை. ஊரே போகலாம் என்கிறது. இப்படி ஒவ்வொன்றாக அடுக்கி வைத்தேன். பிள்ளைக்காகத்தான் இத்தனையும் என்றும் சொல்லிக்கொண்டேன். ஆனால் ஞாயிறு மதியம் சேலைக்கு மடிப்பு எடுத்துப் பின் குத்திக்கொண்டிருந்தபோது, மகள் வேண்டாம் என்று சொன்னால்கூட நான் போய்விடுவேன் போலிருந்தது.

ஐந்து மணிக்கு அவளுக்குச் சட்டை போட்டுவிட்டேன். முதுகுப் பக்கம் ஐந்து கொக்கிகள். கீழிருந்து மேலாகப் போட்டு வந்தேன். நான்காவது கொக்கிக்குப் பக்கத்தில், தோள் எலும்புக்கு மேலே, ஒன்று இருந்தது. ஒன்றே ஒன்று. கடுகளவு. தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர்.

"அம்மா, போட்டாச்சா?"

மாமியார் மல்லிகைச் சரத்தோடு வாசற்படியில் நின்றிருந்தார். "சீக்கிரமா வாங்கம்மிணி, பூ வாடுது. ரேடியோ செட் போட்டுட்டான்."

ஐந்தாவது கொக்கியையும் போட்டுவிட்டால் அது மறைந்துவிடும். அதைப் பார்த்தவள் உலகத்தில் நான் ஒருத்திதான். வேர்க்குருவாக இருக்கலாம். பங்குனி வெயிலில், சிந்தெடிக் சட்டையில், ஏழு வயதுப் பிள்ளைக்கு வேர்க்குரு வராதா? அந்தப் பெண் இன்று முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்க வருவதாகச் செய்தி அனுப்பியிருந்தாள், கூடவே ஒரு சிரிக்கும் முகம். வேறு எத்தனை பேர் எத்தனை மாதத்தில் இருக்கிறார்களோ, எனக்கு எப்படித் தெரியும்?

கொக்கியை இரு விரலில் பிடித்தபடி எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. பிறகு மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகக் கழற்றினேன்.

நான்கும் கழன்றதும் மகளுக்குப் புரிந்துவிட்டது. அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்து, "வேர்க்குருன்னு சொல்லும்மா" என்றாள்.

பன்னிரண்டு நாளுக்கு முன் தம்பிக்குப் பவுடர் போட்டபோது அவள் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

பாவாடையை அவிழ்க்காமலே கூடத்துக் கட்டிலில் போய்ப் படுத்துச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் மாமியாரிடம் சொன்னேன். இவளுக்கு வந்ததைச் சொல்லிவிட்டு, அவனுக்கு முந்தின நாளே பார்த்ததையும் சொன்னேன். முதுகில் இரண்டு காயாமல் இருந்ததையும் சொன்னேன். அவர் கையிலிருந்த சரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் கண்ணு தெரியலைன்னுதான அப்படிச் சொன்ன" என்றார்.

"ஆமாங்க அத்தை."

சரத்தைக் கொண்டுபோய் அம்மன் படத்துக்குப் போட்டுவிட்டு வந்து, "வாசல்ல தழை இல்ல. போய் ஒடிச்சுக் கட்டு" என்றார். அன்றும் மறுநாளும் என்னிடம் அவர் வேறு பேச்சே பேசவில்லை.

அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன். பின்னால் பாட்டுச் சத்தம். மைதானத்துக்குப் போய்விட்டிருந்தாள்.

"எங்கீங்க்கா இருக்கறீங்க? உங்க எடம் சும்மா கெடக்குது."

"நாங்க வரல கண்ணு. இவளுக்கும் பாத்திருச்சு." பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமையைச் சொன்னேன். காலையிலேயே பார்த்தேன், பார்த்துவிட்டுத்தான் உன் மடியில் விட்டேன் என்றேன்.

பாட்டு இரண்டு அடி போயிற்று. கைதட்டல் வந்தது. "சரிங்க்கா" என்றாள். அழைப்பு துண்டிக்கப்பட்டது. அவளுக்கு ஒன்றும் வரவில்லை என்பது பிறகு தெரிந்தது, பிள்ளையும் நல்லபடியாகப் பிறந்தது. எனக்கு அதை வேறு யாரோ சொல்லித்தான் தெரியும்.

கும்மிச் சேலையோடு பின்பக்கம் போய்த் தழை ஒடித்து வந்து கூடத்தில் உட்கார்ந்து கட்டுக் கட்டினேன். மைதானத்தில் எங்கள் பாட்டு தொடங்கியது. நானும் மகளும் ஆட வேண்டிய பாட்டு. எழுந்து கேட்டுக்குப் போகத்தான் நினைத்தேன். கையில் தழையோடு நடந்தபோது கால் தானாக அடி போட்டது. ஒன்று. இரண்டு. மூன்றாவது தட்டில் திரும்பினேன்.

"அம்மா" என்றாள் மகள், சுவரைப் பார்த்தபடியே, என்னைத் திரும்பிப் பார்க்காமலே. "இடது கால்."

காலை மாற்றி வைத்தேன்.